கம்பி அகற்றும் விழா

உத்திரமேரூரில் நீங்கள் எந்தத் தெருவில் நுழைந்தாலும் என் கைவேலை ஒன்று உங்களைத் தடுத்து நிறுத்தும். கேட்டு, கிரில், ஷட்டர் வகையறாக்களைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. காவாந்தண்டலத்திலிருந்து ஒரு டவுசரும் ஒரு சுத்தியலுமாகக் கிளம்பி வந்தவன் நான். முதல் பட்டறைக்கு ஓலை வேய்ந்தேன், மழை பிய்த்துப் போட்டது. இரண்டாவது தடவை தகரம் போட்டேன், காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. (யார் கழனியில போய் எடுத்தேன்னு சொன்னா இன்னிக்கும் சண்டைக்கு வருவான்.) மூன்றாவது தடவை நானே இரும்பு ஆங்கிள் வளைத்து நிறுத்தினேன். அது இன்னும் நிற்கிறது.

நெல் மில்லின் இருபதடி ஷட்டர் என்னுடையது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்து இரட்டைக் கேட்டு என்னுடையது. சர்ச்சுக்கு மணி தொங்கும் கம்பம், மாரியம்மன் கோயிலுக்கு உண்டியல் கூண்டு, இரண்டுமே ஒரே வாரத்தில் என் பட்டறையிலிருந்து போனவை. (சாமிங்களுக்குள்ள சண்டை கிடையாது, கமிட்டிங்களுக்குள்ளதான்.) படித்த இன்ஜினீயர் ஒருவர் "இது நிற்காது" என்று எழுதியே கொடுத்த தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு இன்றுவரை நிற்கிறது. இன்ஜினீயர்தான் மாற்றலாகிப் போய்விட்டார்.

கோணலாக ஒன்று கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதை நிமிர்த்திவிட்டுத்தான் மறுவேலை. அப்படிப்பட்டவன் வீட்டுக்குள்ளேயே, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரிலேயே, பதினேழு வருஷமாக ஒரு கோணல் உட்கார்ந்திருந்தது. என் மகள் கீர்த்தனாவின் பல்வரிசைதான் அது.

அதை நிமிர்த்தப் போய் நான் பட்ட அவமானத்தை இப்போது உறவுக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன். எனவே எழுதுகிறேன்.

கீர்த்தனாவுக்கு மேல் வரிசையில் இரண்டு தெத்துப்பற்கள், பக்கத்துப் பல்லின் தோள்மீது ஏறி எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். கீழ் வரிசை, தீபாவளிக்கு முந்தின நாள் பஸ். சிரிப்பு வந்தால் அவள் கை தானாக வாய்க்குப் போகும். டீச்சர் கேள்வி கேட்டாலும் கை வாய்க்குப் போகும். பிளஸ் டூ குரூப் போட்டோவில் அத்தனை பிள்ளைகளும் சிரிக்க, இவள் மட்டும் யாரோ திட்டிவிட்ட மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் போட்டோ வீட்டுக்கு வந்த அன்றுதான் பேச்சு தொடங்கியது.

"எனக்குப் பல்லுக்குக் கம்பி போடணும்ப்பா. போட்டா நேராயிடும்."

"இன்னாத்துக்கு? தெத்துப்பல்லு அதிர்ஷ்டம். எனக்குந்தான் கீது. நான் இன்னா கெட்டா பூட்டேன்?"

"உனக்கு மேல மீசை கீது, மறைக்குது. எனக்கு இன்னா கீது?"

நான் மீசையைத் தடவிக்கொண்டேன். என் மனைவி மல்லிகா அடுப்படியிலிருந்து ஒரு போடு போட்டாள். "பொண்ணு வாயைத் தொறந்து சிரிச்சு எத்தினி வருசமாச்சு? நீ பார்த்தியா? ஊர் கேட்டையெல்லாம் தொறந்து தொறந்து பார்க்கிறியே."

யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே பார்த்த ஞாபகம் இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இதை நிமிர்த்தியாக வேண்டும்.

நான் எதையும் விசாரித்துச் செய்கிறவன். டீக்கடையில் விசாரித்தேன். வாலாஜாபாத்தில் பல் செட் கட்டுகிற ஒரு பெரியவர் இருக்கிறார், கை ராசியானவர் என்றார்கள். கீர்த்தனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவள் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எடுத்துட்டு செட்டு மாட்டிடலாம். ஒரே நாள் வேலை. ஆயுசுக்கும் கோணாது" என்றார்.

ஒரு தொழில்காரனாகச் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பழைய கதவை ரிப்பேர் பார்ப்பதைவிடப் புதுக் கதவு போடுவதுதானே நல்லது? திரும்பிப் பார்த்தால் கீர்த்தனா இல்லை. பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருந்தாள்.

அடுத்தது காஞ்சிபுரம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கம்பி போடுகிற டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார் என்றார்கள். வியாழக்கிழமை போனோம். அவர் அடுத்த வியாழக்கிழமை வருவார் என்றார்கள். மூன்றாவது வியாழக்கிழமை வெறுங்கையோடு திரும்பி உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கினபோது, கீர்த்தனா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா. மேல பாரு."

பார்த்தேன். பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் ஒரு பலகை. பல் மருத்துவமனை. சீரற்ற பற்களைச் சீரமைத்தல் என்று தமிழிலேயே பெரிதாக எழுதியிருந்தது.

விஷயம் என்னவென்றால், அந்தப் பெயின்ட் கடை ஷட்டர் நான் போட்டது. மாடிப்படிக் கைப்பிடியும் நான் போட்டது. மூன்று வருஷமாகத் தினமும் நான் அதன் கீழேதான் போகிறேன். எனக்குப் பலகை படிக்கிற பழக்கம் கிடையாது, ஷட்டரைத்தான் பார்ப்பேன். (சத்தம் போடுதே, கிரீஸ் வெச்சு உடணும்னு மூணு வருசமா நெனைச்சுக்கினு இருந்தேன்.)

டாக்டரம்மா சின்ன வயசு. மெதுவாகப் பேசுவார். கீர்த்தனாவை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, படம் எடுத்து, கடைசியில் சொன்னார். "இடம் பத்தலைங்க அய்யா. மேல ரெண்டு, கீழ ரெண்டு பல் எடுக்கணும். அப்புறம் கம்பி போட்டு மத்ததை மெதுவா நகர்த்தணும்."

"நல்லா கீற பல்லையா? நாலா?" என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தில் வளைவாக ஒரு கோடு போட்டு, அதன்மேல் பல் பல்லாக வரைந்து காட்டினார். எனக்குப் பொசுக்கென்று விளங்கிவிட்டது. நாலடி ஜன்னலுக்குப் பத்துக் கம்பி போட வேண்டிய இடத்தில் யாரோ பதினாலு கம்பி போட்டிருக்கிறார்கள்! "அடச்சே, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் சும்மா இருந்திருக்கலாம். "கம்பி எத்தினி எம்எம் போடுவீங்க? மெல்லிசா போட்டா நிக்காது. ரெண்டு பக்கமும் ஒரு புள்ளி வெல்டு வெச்சுட்டா ஒரே மாசத்துல முடிஞ்சிடுமே?" என்று கேட்டுவிட்டேன்.

"பல்லு எலும்புல இருக்குங்க அய்யா. அவசரப்படுத்த முடியாது. ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம் ஆகும். பாதியில கழட்டினா பழைய இடத்துக்கே ஓடிடும். எடுத்த நாலு பல்லும் போனது போனதுதான்." சொல்லிவிட்டு என் கன்னத்தைப் பார்த்தார். "நீங்க ஏன் ஒரு பக்கமாவே பேசறீங்க? கடைவாய்ல வலியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டரம்மா. லவங்கம் வெச்சுக்கினு கீறேன்."

உண்மை என்னவென்றால், அந்தக் கடைவாய்ப்பல் மூன்று வருஷமாக என்னைப் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தது. வெல்டிங் பொறி கையில் விழுந்தால் ஊதிவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஊசி என்றால் மட்டும் எனக்கு ஆகாது. அது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். நாற்காலியிலிருந்து கீர்த்தனா என்னைப் பார்த்த பார்வையில், அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தது.

கம்பி போட்டார்கள். காஞ்சிபுரம் காலேஜில் சேர்ந்தாள். மாதம் ஒரு தடவை முறுக்கு. (தின்கிற முறுக்கு இல்லீங்க, அதைத்தான் டாக்டரம்மா கண்டிப்பா கூடாதுன்னுட்டாங்க.) ஒவ்வொரு தடவையும் நானும் போய்ப் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தேன். தெத்துப்பற்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தோளிலிருந்து இறங்கின. ஆனால் கை மட்டும் வாயைவிட்டு இறங்கவில்லை. முன்பு பல்லை மறைத்தது, இப்போது கம்பியை மறைத்தது. "கழட்டின அன்னிக்குச் சிரிக்கிறேன், அதுவரைக்கும் வுடு" என்பாள்.

ஒன்றரை வருஷம் கழிந்தது. ஒரு நாள் டாக்டரம்மா சொன்னார். "நல்லா வந்திருக்கு. அடுத்த மாசம் வாங்க, பார்த்துட்டுக் கழட்டலாமா வேணாமான்னு சொல்றேன்."

இதில் எனக்குக் காது ஒழுங்காகக் கேட்டது. ஆனால் ஒரு வேலை முடிகிற வாசனை வந்துவிட்டால் நான் தேதி குறித்துவிடுவேன். அதுதான் என் தொழில் ரகசியம். தேதி சொல்லிவிட்டால் கேட்டோ கிரில்லோ அந்தத் தேதிக்கு முடிந்தே தீரும். காலண்டரைப் பார்த்தேன். ஆனி மாசம் கடைசியில் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதுவும் செய்யக்கூடாது. ஆகவே ஆனிக் கடைசி ஞாயிறு, காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்று நானே முடிவு செய்தேன். டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கினேன். கழட்டுவதைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாரே.

இவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. நான் பிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் காது குத்தினால் பேனர், வீடு கட்டினால் பேனர், செத்தாலும் பேனர். ஊருக்கெல்லாம் பேனர் நிற்கச் சட்டம் அடித்துக் கொடுத்தவன் நான். என் வீட்டுக்கென்று இதுவரை ஒன்றுகூட வைத்ததில்லை. கீர்த்தனா பெரியவளானபோது மஞ்சள் நீராட்டே வேண்டாம் என்று அடம்பிடித்து நிறுத்திவிட்டாள். அந்தக் குறை எனக்கும் இருந்தது, திருப்புலிவனத்தில் இருக்கிற என் மச்சான் ஏகாம்பரத்துக்கு அதைவிட அதிகமாக இருந்தது. ஒரே அக்கா, அவளுக்கு ஒரே பெண். தாய்மாமன் சீர் வைக்க ஒரு விசேஷம்கூட இல்லையே என்று வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தான்.

பிளெக்ஸ் கடை செல்வம் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டே கேட்டான். "இன்னா விசேசம்ணே?"

"பாப்பாவுக்குப் பல்லுக் கம்பி கழட்டறாங்க."

அவன் தலையைச் சொறிந்தான். "எங்கிட்ட கல்யாணம் கீது, காதுகுத்து கீது, மஞ்சத்தண்ணி கீது, கிரகப்பிரவேசம் கீது, கண்ணீர் அஞ்சலி கீது. கம்பிக்குன்னு தனியா டிசைன் இல்லண்ணே."

"காதுகுத்துல மாத்திப் போடு. காதும் தலையிலதான கீது, வாயும் தலையிலதான கீது."

அவன் மாற்றினான். பாதியில் நிறுத்தி, "தாய்மாமன் பேருக்கு இங்க எடம் கீதுண்ணே. காலியா வுட்டா அசிங்கமா இருக்கும்" என்றான். ஏகாம்பரம் பெயரைக் கொடுத்தேன். அந்தப் பெயருக்குக் கீழே காதுகுத்துக்கென்று முன்பே அடித்து வைத்திருந்த வரி அப்படியே இருந்தது. அதை இரண்டு பேருமே படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் பேனர் ஏறியது. பத்தடிக்கு எட்டடி. சட்டம் என் கையால் வெல்டு வைத்தது. அதில் கும்பிட்ட கையோடு, வெள்ளைச் சட்டையோடு, கூலிங்கிளாஸோடு ஆறடியில் நான். பட்டப்பெயர் 'கிரில் வேந்தர்'. (அது செல்வம் போட்டது. நான் வேணாம்னு சொல்லல, அவ்வளவுதான்.) மூலையில் பாஸ்போர்ட் சைஸில் கீர்த்தனா. நடுவில் இரண்டு படங்கள். 'அன்று' என்று போட்ட இடத்தில், சிகிச்சைக்கு முன்பு டாக்டரம்மா அச்சு எடுத்து மாவில் வார்த்து வைத்திருந்த கீர்த்தனாவின் கோணல் பல்வரிசை. அதை நான்தான் செல்போனில் பிடித்து வைத்திருந்தேன். 'இன்று' என்ற இடத்தில், கம்பி இன்னும் கழட்டவில்லையே, அதனால் செல்வம் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஒரு வெள்ளைக்காரியின் பற்கள். மேலே கொட்டை எழுத்தில்: 'செல்வி கீர்த்தனாவின் கம்பி அகற்றும் விழா. அனைவரும் வருக.'

சாயந்திரம் காலேஜ் பஸ் அந்தத் திருப்பத்தில் வளைந்தபோது, கீர்த்தனா கூட்டாளிப் பெண்களோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வீட்டுக்கு வந்ததைப் பார்த்தேன். செருப்பைக்கூடக் கழட்டாமல் நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அம்மா, அந்த ஆளுகிட்ட சொல்லிடு. ஞாத்திக்கிழமை டாக்டர் வேணாம்னு சொன்னாலும் நான் கம்பியைக் கழட்டத்தான் போறேன். பல்லு எங்க வேணா ஓடட்டும். பஸ்சே சிரிக்குது என்னைப் பார்த்து."

மல்லிகா என்னைப் பார்த்தாள். "இன்னா மனுசன்யா நீ? பொண்ணோட பல்லைப் புடுங்கி நடுரோட்டுல மாட்டி வெச்சிருக்கே."

எனக்கு அந்த 'அந்த ஆளு' குத்தியது. நாலு பல்லை எடுத்தாயிற்று, ஒன்றரை வருஷம் ரசம் சாதமாகவே தின்றாள், எல்லாம் என் ஒரு பேனரால் வீணாகப் போகப் போகிறது. மறுநாள் பொழுது விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பேனரை இறக்கிச் சுருட்டினேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். பேனர் நின்றது ஒரே நாள். ஆனால் அந்த ஒரு நாளில் அதைப் போட்டோ பிடித்து யாரோ திருப்புலிவனத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி. கீர்த்தனா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். என்னோடு பேசவில்லை. மல்லிகா பக்கத்தில். டாக்டரம்மா விளக்கை இழுத்துப் பார்த்தார், கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"இன்னும் நாலு மாசம் இருக்கட்டும். கடைசி இடைவெளி மூடணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் கீழே தெருவில் தவில் சத்தம் கேட்டது. ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்தேன். சத்தம் படியேறியது. கதவு திறந்தது. பட்டு வேட்டியில் ஏகாம்பரம், கையில் ஆளுயர மாலை. அவன் பின்னால் அவன் மனைவி, அதற்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பழம், தேங்காய், வளையல், பட்டுப் பாவாடை. திருப்புலிவனமே படியில் நின்றது. தவிலும் நாதஸ்வரமும் உள்ளே இடமில்லாமல் என் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றன.

"இன்னா மாமா, நேர்ல வந்து கூப்புடக் கூடாதா? பேனர்லயா சொல்லுவே?" என்றான் ஏகாம்பரம், கண் கலங்கியபடி. "பரவால்ல. என் பேரைப் போட்டு, சீர்வரிசையோட முன்னின்று நடத்துவார்னு எழுதிட்டே. எட்டூர்ல கடன் வாங்கியாச்சும் வந்துட மாட்டேனா?"

காதுகுத்து வரி. அப்போதுதான் எனக்கு அது விளங்கியது.

கீர்த்தனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. விரல் இடுக்கு வழியாகச் சொன்னாள். "டாக்டர், போதும். இப்பவே கழட்டிடுங்க."

அப்போது என் மூளையில் ஒரு யோசனை உதித்தது. அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. டாக்டரம்மாவிடம் குனிந்து, "ஒரு மணி நேரத்துக்குக் கழட்டிடுங்க. இவங்க சாப்புட்டுப் போனதும் திருப்பி மாட்டிடுங்க" என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இது கேட்டு இல்லைங்க அய்யா."

கீர்த்தனா இன்னொரு தடவை "போதும் டாக்டர்" என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தைப் பார்த்து நான் ஒன்று சொன்னேன்.

"தப்பு எம்மேலதான். டாக்டரம்மா கழட்டறேன்னு சொல்லவேயில்ல. நானா தேதி வெச்சேன், நானா பேனர் வெச்சேன். கம்பி இன்னும் நாலு மாசம் இருக்கணும். எல்லாரும் மன்னிச்சுக்கினு வூட்டுக்கு வந்து நாஷ்டா பண்ணிட்டுப் போங்க."

மல்லிகா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

ஏகாம்பரம் அசையவில்லை. "அது எப்படி மாமா? எடுத்தாந்த சீரு அப்படியே திரும்பிப் போனா குடும்பத்துக்கு ஆவுமா? பன்னெண்டுக்கு எமகண்டம் வந்துடும். அதுக்குள்ள எதனாச்சும் கழட்டியே ஆவணும்."

"ஆமாமா, எதனாச்சும் ஒண்ணு கழட்டுங்க" என்று படியிலிருந்து பத்துக் குரல்கள் வந்தன.

கீர்த்தனா ஒரு கையை வாயிலிருந்து எடுத்தாள். அந்தக் கையால் என்னைக் காட்டினாள்.

"எங்கப்பாவுக்குக் கடைவாய்ல ஒண்ணு கீது டாக்டர். மூணு வருசமா, இல்ல, இப்ப நாலரை வருசமாச்சு."

"ஏய்!" என்றேன்.

"நீ அந்தப் பல்லை எடுத்துக்கோ, நான் நாலு மாசம் கம்பியை வெச்சுக்கிறேன். இல்லனா இப்பவே கழட்டச் சொல்றேன். நீயே சொல்லு."

டாக்டரம்மாவைப் பார்த்தேன், காப்பாற்றுவார் என்று. அவர் ஏற்கெனவே கையுறை மாற்றிக்கொண்டிருந்தார். பிரஷர் பார்த்தார், சுகர் பார்த்தார், படம் எடுத்தார். இதில் ஏதாவது ஒன்று ஏறியிருக்கக் கூடாதா என்று வேண்டினேன். இரண்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒழுங்காக நின்றன.

கீர்த்தனா இறங்கிய நாற்காலியில் நான் சாய்ந்தேன். ஏகாம்பரம் அந்த ஆளுயர மாலையை என் கழுத்தில் போட்டான். "காதுகுத்துக்கு மடியில உக்கார வெக்கணும், இங்க மடிக்கு எடமில்ல" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் என் தலையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் பட்டுத் துண்டு என் கண்ணில் விழுந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஊசி எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எந்தப் பக்கமாக வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. கையை வீசினேன். எதுவோ அகப்பட்டது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கீர்த்தனாவின் இரண்டு கைகள்.

"அப்பா, வுடுப்பா, வலிக்குது."

விடவில்லை.

டாக்டரம்மா, "இது வெறும் பஞ்சுங்க அய்யா, மரத்துப் போறதுக்கு மருந்து தடவுறேன்" என்றார். பஞ்சு பட்டது. நான் கத்தினேன்.

என்ன மாதிரி கத்தினேன் என்பதில் உறவுக்காரர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பஸ் ஸ்டாண்டில் டிரைவர் பிரேக் போட்டதாக ஏகாம்பரம் சொல்வது பொய். ஆனால் படியில் நின்ற தவில்காரருக்கு உள்ளே நடப்பது ஒன்றும் தெரியவில்லை. சத்தம் கேட்டதும், சரி, முகூர்த்தம் ஆகிவிட்டது என்று அவராக நினைத்துக்கொண்டு கெட்டிமேளம் வாசித்துவிட்டார். கெட்டிமேளம் கேட்டால் எங்கள் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது. அட்சதை பறந்து வந்தது. என்மேல், டாக்டரம்மா மேல், தட்டில் வரிசையாக வைத்திருந்த குறடு கத்தியின் மேலெல்லாம் மஞ்சள் அரிசி. டாக்டரம்மா முதல் தடவையாகக் குரலை உயர்த்தி, "யாரும் அரிசி போடாதீங்க!" என்றார். அதற்கும் ஒரு கை அரிசி விழுந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. துண்டுக்கு அடியில் இருந்தாலும் எனக்குத் தெரிந்தது. கீர்த்தனா சிரிக்கிறாள். முதலில் மூக்கால், பிறகு தொண்டையால், பிறகு மொத்தமாக வாய்விட்டு. கையை உருவ ஓர் இழு இழுத்தாள். நான் வெல்டிங்காரன், பிடித்தால் பிடித்ததுதான். வாயைப் பொத்த அவளுக்குக் கை இல்லை. அத்தனை உறவுக்காரர்களுக்கும் எதிரில், திருப்புலிவனத்துக்கே எதிரில், கம்பி மின்ன மின்ன, முப்பத்திரண்டில் மிச்சமிருந்த இருபத்தெட்டும் தெரியச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து மல்லிகா சிரித்தாள், ஏகாம்பரம் சிரித்தான், என் தலை அவன் கையில் குலுங்கியது. ஏகாம்பரத்தின் மனைவி அதைப் போனில் போட்டோ எடுத்தாள்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, சாமான்களையெல்லாம் மாற்றி, ஊசி போட்டுப் பல்லை எடுத்தார். எடுத்ததே எனக்குத் தெரியவில்லை. "முடிஞ்சுது" என்றபோது, "இன்னா முடிஞ்சுது?" என்றுதான் கேட்டேன். மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். சீர்வரிசை முறைப்படி என் மடியில் வைக்கப்பட்டது. வாயில் பஞ்சோடு வளையலும் பட்டுப் பாவாடையும் வாங்கிக்கொண்ட ஒரே ஆம்பிளை இந்தத் தாலுகாவில் நான்தான்.

கீர்த்தனா சொன்ன சொல் காப்பாற்றினாள். நாலு மாசம் கம்பி இருந்தது. அந்த நாலு மாசமும் கை வாய்க்குப் போனதைக் குறைவாகத்தான் பார்த்தேன். "இனிமே யாருகிட்ட மறைக்கிறது? அல்லாரும்தான் பார்த்துட்டாங்களே" என்றாள். கம்பி கழட்டிய அன்றைக்கு அம்மாவும் பெண்ணும் என்னிடம் சொல்லாமல் போய்விட்டு வந்தார்கள். (நல்ல நேரமா, எமகண்டமா, ஒண்ணும் தெரியாது எனக்கு.)

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், "இன்னா மாமா, இன்னிக்கு யாரு பல்லு?" என்று ஆரம்பிக்கிறார். கெட்டிமேளம் வாசிக்கும்போது என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள், நான் கத்துவேனோ என்று. போன தை மாசம் கீர்த்தனாவுக்குக் கல்யாணம் நடந்தது. முதல் பத்திரிகையை டாக்டரம்மாவுக்குக் கொண்டுபோய் வைத்தாள். மேடையில் அவள் சிரித்ததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தபோது, மல்லிகா டாக்டரம்மா கைராசி என்றாள். ஏகாம்பரம் தன் சீரின் ராசி என்றான். தவில்காரர்கூடத் தன் பங்குக்கு ஏதோ சொன்னாராம். ஒருவர் வாயிலும் என் பெயர் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி டாக்டரம்மா தன் மருத்துவமனையில், ஆட்கள் காத்திருக்கிற இடத்தில் மாட்டியிருக்கிறார். நடுவில் கீர்த்தனா சிரிக்கிறாள். ஓரத்தில் ஏகாம்பரத்தின் பட்டுத் துண்டு, கொஞ்சம் மாலை, நாற்காலியின் நுனியில் நீட்டிக்கொண்டு இரண்டு கால். முகம் தெரியவில்லை. வருகிறவர்கள் யாரோ ஒரு கிழவன் செத்துக் கிடக்கிறான் என்று நினைத்து, அந்தப் பெண் ஏன் சிரிக்கிறது என்று கேட்கிறார்களாம்.

நான் நியாயத்தைக் கேட்கிறேன். அந்த நாலு மாசம் கம்பி நின்றது யார் பல்லைக் கொடுத்து? அவள் வாயைப் பொத்தவிடாமல் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தது யார்? டாக்டரம்மா பல்லை நேராக்கினார், அதை நான் மறுக்கவில்லை. சிரிப்பை வெளியே இழுத்தவன் நான். இதை டாக்டரம்மாவிடம் நேரிலேயே சொன்னேன். "சரிங்க அய்யா, எழுதிடறேன்" என்றார். இன்னும் எழுதவில்லை. ஆகவே இதைப் படிக்கிற எல்லார் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன். படத்தில் இருக்கிற அந்த இரண்டு காலும் என்னுடையவை. கீழே பெயர் போட வேண்டும். முனுசாமி, கீர்த்தனாவின் அப்பா. எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.